மேஸ்திரிக்கு ஞாயிறுதோறும் கிடைத்த சுகம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாகத் தயங்கியிருக்கிறேன். பேனாவை எடுப்பேன், ஒரு பக்கம் எழுதுவேன், பிறகு கிழித்துவிடுவேன். நான் எட்டாவது வரை படித்தவன், வியாதியைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்ற கூச்சம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பயம் வேறொன்று. இது எங்கள் ஞானமுத்து மேஸ்திரியின் சாட்சி சம்பந்தப்பட்ட விஷயம். சபையில் எழுந்து நின்று "ஆண்டவர் எனக்குச் சுகம் கொடுத்தார்" என்று ஒருவர் சொன்னதைப் பற்றி இன்னொருவன் கிளறி எழுதினால், அவிசுவாசி என்று பேசுவார்கள். நான் அவிசுவாசி அல்ல. இன்று காலையும் முழங்கால் போட்டு ஜெபித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

போன மாதம், நான் வேலை செய்து ஓய்வு பெற்ற சாயப்பட்டறையில் புதிதாக ஒரு மெஷின் வைத்தார்கள். மூடி போட்ட ஸ்டீல் மெஷின். பட்டு நூலை உள்ளே மாட்டிக் கதவைச் சாத்தினால் அதுவே சாயம் ஏற்றிவிடுகிறது. பழைய ஆள் என்று பூஜைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். எல்லாம் மாறினாலும் சாயப் பொடியை மட்டும் இன்னும் ஓர் ஆள்தான் கையால் நிறுத்துப் போடுகிறார். அவர் பெயர் குமார், நாற்பது வயதிருக்கும். என்னோடு பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்கத் தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தார். டாக்டரிடம் காட்டினாயா என்று கேட்டேன்.

"எனக்கு இன்னா சின்ன வயசுலயா இழுப்பு இருந்திச்சி? நாப்பது வயசுக்கு மேல புச்சா எங்கேந்து வரப்போவுது, உடுங்க" என்று சிரித்தார்.

இதே பேச்சை ஞானமுத்து மேஸ்திரி வாயிலிருந்து கேட்டவன் நான். மேஸ்திரி முதிர்ந்த வயதில், வேறு உடல்நலக் குறைவால், கர்த்தருக்குள் நித்திரையடைந்து சில வருஷம் ஆகிறது. அன்று சாயங்காலமே அவருடைய மனைவி எஸ்தர் அக்காவைப் போய்ப் பார்த்து, எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுப்பா. அவரு இருந்தா உன்ன இத்தினி நாள் உட்டிருக்க மாட்டாரு" என்றார்.

நான் பட்டறையில் சேர்ந்த கதையை நீட்ட வேண்டியதில்லை. முதலில் தண்ணீர் சுமந்தேன், விறகு அடுக்கினேன், அண்டா தேய்த்தேன். பிறகு பட்டு நூலின் மேலிருக்கும் பசையை எடுக்கும் வேலை. சோப்பும் சோடாவும் போட்ட கொதிநீரில், நூலின் கரகரப்பு போய் வழுவழுவென்று ஆகும்வரை புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இதையெல்லாம் தாண்டிச் சாயத் தொட்டியின் பக்கத்தில் என்னை நிற்க விட்டபோது எனக்குக் கல்யாணமே ஆகியிருந்தது.

மேஸ்திரி குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. தப்பு செய்தவனைத் திட்ட மாட்டார். அவன் கெடுத்த நூல் கற்றையை, அதாவது சிட்டத்தை எடுத்து, அவன் தோளிலேயே துண்டு மாதிரிப் போட்டுவிட்டுப் போய்விடுவார். அன்று முழுக்க அதை இறக்கிவைக்க யாருக்கும் துணிச்சல் வராது. என்னோடு தொட்டிக்கு மறுபக்கம் நிற்கிற ஏழுமலை ஒரு முறை கிளிப்பச்சையைப் பாசிப்பச்சையாக்கிவிட்டு, அந்தச் சிட்டத்தோடேயே டீக்கடைக்குப் போனான். "இன்னா ஏழுமல, மால மரியாதையெல்லாம் பலமா கீது" என்று கடைக்காரர் கேட்டாராம். "மேஸ்திரி கையால போட்ட மால. காஞ்சாத்தான் கழட்டணும்" என்றானாம். இதைக் கேள்விப்பட்டு மேஸ்திரி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அப்போது அவருக்கு நன்றாகச் சிரிக்க மூச்சு இருந்தது.

அவர் வேலை செய்கிற விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது.

வெயில் வந்த பிறகுதான் பொடி நிறுப்பார். விளக்கு வெளிச்சத்தில் கலர் ஏமாற்றும் என்பார். பொடி காற்றில் பறந்து வீணாகக் கூடாது என்று ஜன்னலைச் சாத்திவிடுவார். சின்ன அறை. தகரக் கரண்டியால் அள்ளித் தராசில் தட்டும்போது, ஓட்டுச் சந்தில் விழுகிற வெயில் கீற்றில் பொடி மிதப்பது தெரியும். அது உடம்புக்குக் கெடுதல் என்று எங்களில் யாரும் நினைத்ததில்லை. மூக்கைச் சிந்தினால் அன்றைக்கு என்ன கலர் ஓடியது என்று தெரியும், அதை வைத்து ஒருவரை ஒருவர் கேலி செய்துகொள்வோம்.

பொடியை வெந்நீரில் குழைத்து, துணியில் வடிகட்டி, தொட்டியில் ஊற்றுவார். மூங்கில் கோல்களில் சிட்டங்களைத் தொங்கவிட்டு, தொட்டிக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் ஏழுமலையும் நின்று திருப்பிக்கொண்டே இருப்போம். கை நின்றால் நூல் திட்டுத் திட்டாகிவிடும். சூடு ஏற ஏற, மேஸ்திரி ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவார். அப்போது கிளம்பும் ஆவி மூக்கைக் குத்தும். ஆனால் எங்களுக்கு அந்த ஆவி மேல் ஒரு நம்பிக்கை உண்டு. சளி பிடித்தால் தொட்டியின் மேல் குனிந்து நாலு மூச்சு இழுப்போம். வீட்டில் வேது பிடிப்பது மாதிரித்தானே இதுவும் என்று நினைப்பு.

கடைசியில் கலர் பார்ப்பது. அதுதான் மேஸ்திரியின் பெரிய வேலை. ஈர நூல் எப்போதும் அழுத்தமாகத் தெரியும், காய்ந்தால்தான் உண்மையான கலர். அதனால் சிட்டத்தின் ஓரத்தில் நாலு இழையைப் பிழிந்து, விரலில் சுற்றி, உதட்டருகே வைத்து, ஒரே மூச்சில் நீளமாக ஊதிக் காய வைப்பார். பிறகு வாசல் வெளிச்சத்துக்குப் போய், முதலாளி கொடுத்த மாதிரித் துணியோடு ஒட்டிப் பார்த்து, "எறக்கு" என்பார், அல்லது "இன்னும் கொஞ்சம்" என்பார். அந்த ஊதலுக்காக நாங்கள் இரண்டு பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நிற்போம்.

மேஸ்திரிக்கு நாற்பத்தைந்தைத் தாண்டிய பிறகு இருமல் வந்தது. வறட்டு இருமல். முதலில் சாயங்காலத்தில் மட்டும், பிறகு விடியற்காலையிலும். ஊசி போட்டுக்கொண்டார், சிரப் குடித்தார், தூதுவளை ரசம் வைத்துக் குடித்தார். ஆஸ்துமாவாக இருக்குமோ என்று முதலாளி ஒரு நாள் கேட்டதற்குத்தான், குமார் சொன்னதையே அன்றைக்கு மேஸ்திரி சொன்னார். இழுப்பு என்றால் பிள்ளைப் பருவத்திலேயே வந்திருக்க வேண்டும் என்பது எங்கள் எல்லோருடைய எண்ணமும்.

இந்த இருமலில் ஓர் அதிசயம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் நின்றுவிடும்.

வேலைக்குச் சேரும்போதே மேஸ்திரி முதலாளியிடம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தவர். ஞாயிற்றுக்கிழமை வர மாட்டேன் என்பது. ஆரணி நெசவு ஊர் என்பதால் எங்கள் பட்டறைக்கு மற்றபடி விடுமுறை அமாவாசையன்றுதான். அமாவாசையில் மேஸ்திரிக்கு நம்பிக்கை இல்லை. அன்று தனியாகவே வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, அடுத்த நாளுக்கான பொடிகளை நிறுத்து வைப்பார். ஆகவே அவருக்கு ஓய்வு ஞாயிறு மட்டும். நான் ஞாயிறன்றும் ஆராதனை முடிந்ததும் வேலைக்குப் போய்விடுவேன். சனிக்கிழமை சாயங்காலம் இருமிக்கொண்டே போகிறவர், ஞாயிறு ஆராதனையில் கடைசிப் பாட்டை நிறுத்தாமல் பாடுவார். திங்கட்கிழமை வந்தால் மறுபடியும் அதே இருமல்.

எங்கள் வீடுகளில் இதற்கு வேறு எந்த அர்த்தமும் தோன்றவில்லை. ஆண்டவர் தம்முடைய நாளில் தொடுகிறார், வார நாட்களில் சாத்தான் மறுபடியும் வருகிறான், இன்னும் விசுவாசம் வேண்டும். மேஸ்திரி உபவாசம் இருந்தார். ஒரு ஞாயிறு சபையில் எழுந்து சாட்சி சொன்னார். "இந்த ஆலயத்துக்குள்ள கால் வெச்சா என் நெஞ்சு தொறக்குது. கர்த்தர் எனக்கு சுகம் குடுத்துட்டாரு" என்றார். நான் அழுதேன். பலர் அழுதார்கள். அந்தச் சாட்சி வாய்வழியாக வந்தவாசி வரைக்கும் போனது.

அதன் பிறகுதான் சிக்கல் ஆரம்பித்தது. சுகம் கிடைத்தது என்று சொன்னவர் எப்படித் திங்கட்கிழமை எல்லோர் முன்னாலும் இருமுவார்? இருமல் வந்தால் கிணற்றடிக்குப் போய்விடுவார். மருந்துக் கடைப் பக்கம் போவதையே விட்டுவிட்டார். மருந்து வாங்குவதை யாராவது பார்த்தால் ஆண்டவருடைய பெயர் அல்லவா கெடும்?

ஏழுமலை மட்டும் விளையாட்டாகப் பேசுவான். அவனுக்கும் கொஞ்ச காலமாக மூக்கடைப்பும் தும்மலும் இருந்தது. அமாவாசைக்கு அமாவாசை படவேட்டுக்கு பஸ் ஏறி ரேணுகாம்பாளைக் கும்பிட்டுவிட்டு வருவான். அன்று மூக்கு திறந்துகொள்ளும்.

"மேஸ்திரி, உங்க சாமி வாரத்துக்கு ஒரு தபா சுகம் குடுக்குது. எங்க ஆத்தா மாசத்துக்கு ஒரு தபாதான் குடுக்குறா. இதுல நீங்க கெலிச்சிட்டீங்க" என்பான்.

"கம்முனு கோலத் திருப்புடா" என்பார் மேஸ்திரி.

ஒரு நாள் அரக்குக் கலர் ஓடிக்கொண்டிருந்தது. மேஸ்திரி இழையைப் பிழிந்து விரலில் சுற்றினார். உதட்டருகே கொண்டுபோனவர், அப்படியே என் பக்கம் நீட்டினார்.

"சாமுவேலு, நீ ஊது."

நான் நம்பவில்லை. "நானா மேஸ்திரி?"

"எத்தினி நாளிக்கு நானே ஊதிகினு இருக்கறது. நீயும் கத்துக்கோ."

எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் கையிலிருந்து இழையை வாங்கி ஊதுவது என்றால், அடுத்த மேஸ்திரி நான்தான் என்று சொல்வது போல. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன், அவள் பாயசம் வைத்தாள். அன்றிலிருந்து ஊதும் வேலை என்னுடையதாகிவிட்டது. அவருக்கு ஊத மூச்சு வரவில்லை என்று எனக்கும் தோன்றவில்லை, ஏழுமலைக்கும் தோன்றவில்லை.

யோசித்தால் இன்னும் எத்தனையோ. ஓயாமல் பேசிக்கொண்டே பொடி நிறுப்பவர், இரண்டிரண்டு வார்த்தையாகப் பேச ஆரம்பித்தார். வீட்டுக் கூட்டங்களில் அவருடைய ஜெபம் நீளம் என்று பெயர் பெற்றது, அது சட்டென்று முடிந்தது. "இப்பத்தான் மேஸ்திரி ஜெபத்துல இட்லி ஆறாம கெடக்குது" என்று பெண்கள் சந்தோஷப்பட்டார்கள். தாடையைச் சொறிந்துகொண்டே இருந்தார். கிணற்றிலிருந்து பட்டறைக்கு ஏறும் நாலு படியில் நடுவில் நின்று, சுவரில் பூசியிருந்த சுண்ணாம்பு உதிர்வதைப் பார்ப்பது போல நிற்பார்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு லீவு போட்டு, வந்தவாசியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனார். புது வருஷம் முடிந்துதான் திரும்பினார். முகம் தெளிந்து, பழைய மேஸ்திரியாக வந்தார். முழுச் சுகம் என்று எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னோம். தை மாதக் கல்யாணங்களுக்கு ஆர்டர் குவிந்து கிடந்தது. வந்த அன்றே புது டின்னை உடைத்து, கருப்புப் பொடியை நிறுக்க ஆரம்பித்தார். அடுத்தடுத்துக் கருப்பும் அரக்குமாக ஓடியது. மூன்றாவது நாள் காலையிலேயே அவர் தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறி ஏறி இறங்குவதைப் பார்த்தேன், மூச்சில் விசில் சத்தமும் கேட்டது.

"இன்னா மேஸ்திரி, முடியலியா?"

"ஒண்ணும்..." என்றார். கொஞ்சம் பொறுத்து, "...இல்ல" என்றார்.

பிறகு தொட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஆவியின் மேல் குனிந்தார். நெஞ்சு இளகும் என்ற நம்பிக்கை. அப்போதுதான் ஏழுமலை ஆசிட் ஊற்றியிருந்தான். இரண்டு மூச்சு இழுத்தார். நிமிரவில்லை.

ஓடிப்போய்ப் பிடித்தோம். வேர்வை கொட்டியது. உதடு நீலம் பாய்ந்தது போல இருந்தது. சாயம் பட்டிருக்கிறது என்று நினைத்து நான் என் துண்டால் துடைத்தேன், போகவில்லை. முன்பு கேட்ட விசில் சத்தம்கூட இப்போது நெஞ்சில் கேட்கவில்லை. சத்தம் இல்லை, அடங்கிவிட்டது என்று ஒருவர் சொன்னார். படுக்க வையுங்கள் என்றார் இன்னொருவர். படுக்க வைத்ததும் மீன் மாதிரித் துடித்து எழுந்து உட்கார்ந்தார். கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தார். ஏதோ சொல்ல வந்தார். ஒரே ஒரு வார்த்தைதான் வெளியே வந்தது, "எஸ்தரு".

"ஆட்டோ இட்டாரேன், ஜல்தி தூக்குங்க" என்று ஏழுமலை ஓடினான். ஆட்டோவில் நானும் அவனும் இரண்டு பக்கமும் உட்கார்ந்து அவரை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டோம். நான் சங்கீதம் சொன்னேன். ஏழுமலை ஆத்தா ஆத்தா என்றான். அவர் இரண்டையும் கேட்டாரா என்று தெரியாது.

அரசு ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா ஒரு கேள்வியும் கேட்காமல் அவர் கழுத்தையும் உதட்டையும் பார்த்தார். கட்டிலின் தலைப்பக்கத்தைத் தூக்கி வைத்து உட்கார வைத்தார். மூக்கிலும் வாயிலும் மாஸ்க் போட்டு, புகை மாதிரி மருந்து விட்டார்கள், ஆக்ஸிஜன் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். எஸ்தர் அக்கா வந்து சேர்ந்தபோது மேஸ்திரியின் கண் சொருகியிருந்தது. அக்கா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே முழங்கால் போட்டார். நர்ஸ் அவரை எழுப்பாமல் சுற்றிக்கொண்டு போனார். மத்தியானம் வாக்கில் மேஸ்திரியின் நெஞ்சில் மறுபடியும் விசில் சத்தம் வந்தது. எனக்குப் பயமாகிவிட்டது. டாக்டரம்மாவோ முதல் முறையாக முகம் தளர்ந்தார். "சத்தம் வர்றது நல்லதுப்பா. அப்போ காத்தே போகல, அதான் சத்தம் இல்ல. இப்போ காத்து போகுது" என்றார்.

சாயங்காலம் அவர் பேசும் நிலைக்கு வந்ததும் டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். எத்தனை நாளாக என்று கேட்டார். மேஸ்திரி, "எனக்கு சுகமாயிடுச்சிம்மா, இன்னிக்கிதான்" என்று ஆரம்பித்தார். அதற்குள் எஸ்தர் அக்கா கொட்டிவிட்டார்.

"இன்னிக்கி இல்லம்மா. மொத ஒரு தலகாணி, அப்பறம் ரெண்டு, இப்ப மூணு வெச்சி உக்காந்துகினே தூங்குறாரு. விடிகாலம் இருமி இருமி எழுந்துக்குறாரு. தாடையப் பிராண்டிகினே இருக்காரு. கேட்டா யார்கிட்டயும் சொல்லாதன்றாரு."

"தாடை அரிக்கறதுகூட சிலருக்கு முன்னாடியே வர்ற அடையாளம்தான். ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொண்ணு இருக்கும்" என்றார் டாக்டரம்மா. "எந்த நேரத்துல நல்லா இருக்கீங்க?"

மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஏழுமலைதான் பொறுக்கமாட்டாமல் சொன்னான்.

"ஞாயித்துக்கெழமன்னா சுத்தமா நல்லாயிடும்மா அவருக்கு. கிறிஸ்துமஸுக்கு மக வூட்ல இருந்த வரைக்கும் ஒண்ணுமே இல்ல. அவங்க சாமி அப்பிடி. எனக்குந்தான் மூக்கு பேஜாரா கீது, ஆனா எனக்கு அமாவாசைக்கிதான் தொறக்கும். எங்க ஆத்தா மாசத்துக்கு ஒரு தபாதான்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. எழுதுவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார். "அமாவாசைக்கு நீங்க வேலைக்குப் போறதில்லையா?"

"பட்டறை லீவும்மா."

"இவரு ஞாயித்துக்கிழமை போறதில்ல."

"ஆமா."

அவர் வேறொன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஏழுமலையின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. எனக்கு ஜன்னல் சாத்திய அறையும் வெயில் கீற்றில் மிதக்கும் பொடியும் கண்ணில் வந்தன. பெரியவர்களுக்கும் ஆஸ்துமா புதிதாக வரும் என்றும், சில பேருக்கு வேலை செய்யும் இடத்துப் பொடியாலும் புகையாலும் வரும் என்றும், அந்த இடத்தை விட்டு விலகியிருக்கும் நாளில் குறைவதே அதற்கு முக்கியமான துப்பு என்றும் டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். மூச்சின் வேகத்தை அளக்கும் சின்னக் குழாய் ஒன்றை மேஸ்திரியின் வாயில் வைத்து ஊதச் சொன்னார். முள் பாதியைக்கூடத் தொடவில்லை. ஊதி முடித்த மேஸ்திரி என்னைப் பார்த்த பார்வையில், அரக்கு இழையை அவர் ஏன் என்னிடம் நீட்டினார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

மருந்து விஷயத்தில் டாக்டரம்மா சொன்னதை ஞாபகம் உள்ளபடி சொல்கிறேன். உங்களுக்கு உங்கள் டாக்டர் சொல்வதுதான் கணக்கு. இன்ஹேலர் இரண்டு கொடுத்தார். ஒன்று தினமும் போடுவது, நன்றாக இருந்தாலும் நாமாக நிறுத்தக் கூடாது, போட்டதும் வாய் கொப்பளிக்க வேண்டும். இன்னொன்று மூச்சு முட்டும்போது உடனே போடுவது, சட்டைப் பையிலேயே இருக்க வேண்டும். அது வழக்கத்தைவிட அடிக்கடி தேவைப்படுகிறது என்றாலே காத்திருக்காமல் வந்துவிட வேண்டும். போட்டும் அடங்கவில்லை, ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் பேச முடியவில்லை, உதடு நீலமாகிறது என்றால் அது அவசரம், நிமிர்த்தி உட்கார வைத்தபடியே ஆஸ்பத்திரிக்கு ஓடிவர வேண்டும். தொட்டி ஆவியைப் பற்றிச் சொன்னபோது கையால் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

வீடு திரும்பிய மேஸ்திரி மாத்திரையும் இன்ஹேலரும் சரியாக எடுத்தார், பைபிளை மட்டும் திறக்கவில்லை. எஸ்தர் அக்கா பயந்துபோய் என்னைக் கூப்பிட்டனுப்பினார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவரே கேட்டார்.

"ஆண்டவர் பேர வெச்சி நான் பொய் சொல்லிட்டனா சாமுவேலு?"

அவருக்கு உயிர் பயம் போய்விட்டிருந்தது. இந்தப் பயம்தான் அவரைத் தின்றுகொண்டிருந்தது. ஆலயத்தால் வந்த சுகம் என்று அவர் நம்பியது, பட்டறைக்குப் போகாததால் வந்த சுகம் என்றால், அவர் கும்பிட்டதெல்லாம் என்ன ஆவது?  போதகரைக் கூட்டிவரட்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார். இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு இருந்தோம். நான் மனசுக்குள்ளேயே ஜெபித்தேன்.

அடுத்த ஞாயிறு சாட்சி நேரத்தில் மேஸ்திரி எழுந்தார். சபை முழுக்க, ஆஸ்பத்திரியிலிருந்து பிழைத்து வந்ததற்கு ஸ்தோத்திரம் சொல்லப் போகிறார் என்று காத்திருந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து இன்ஹேலரை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"ஞாயித்துக்கெழமையில எனக்கு ஆண்டவர் சுகம் குடுக்குறாருன்னு இங்க நின்னு சொன்னேன். அது பொய்யில்ல. குடுத்தாரு. ஆனா எதுக்குக் குடுத்தாருன்னு எனக்குப் புரியல. வாராவாரம் ஒரு நாள் என்ன வெளிய நிக்க வெச்சி, பாருடா, இங்க உனக்கு மூச்சு வருது, அங்க வரல, யோசிடான்னு காட்டிகினே இருந்தாரு. நான் ஸ்தோத்திரம் சொல்லிட்டு மறுபடி அங்கியே போனேன். அந்த டாக்டரம்மா கேட்ட ஒரு கேள்விய நான் முழங்கால்ல இருந்தப்பவே கேட்டிருக்கணும். இது மருந்து. இத்த நான் மறைக்கமாட்டேன்."

 இப்படி ஒரு சாட்சிக்கு ஆமென் சொல்வதா வேண்டாமா என்று எங்களுக்குத் தெரியவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து எஸ்தர் அக்கா தனியாக, தெளிவாக, "ஆமென்" என்றார். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் சொன்னோம்.

முதலாளி நல்லவர். மேஸ்திரியை விடவில்லை. பொடி அறையில் ஜன்னல் பெரிதாயிற்று, பொடி நிறுப்பவருக்கு டாக்டரம்மா சொன்ன மாஸ்க் வந்தது, ஏழுமலை பசை எடுக்கும் பக்கத்துக்கு மாறினான். மேஸ்திரி அதன் பிறகு உள்ளே வரவே இல்லை. தெருப்பக்கத்து அறையில் உட்கார்ந்திருப்பார், நான் இழையை ஊதிக் காயவைத்து எடுத்துப் போவேன், அவர் கலர் சொல்வார். பல வருஷம் அப்படி வேலை செய்தார். இழுப்பால் மறுபடி படுக்கையில் விழவில்லை. தாடை அரித்தாலோ பேச்சு சுருங்கினாலோ எஸ்தர் அக்காவே பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து நீட்டிவிடுவார்.

ஆனால் ஒன்று நடந்தது. அதற்காகத்தான் இதை எழுதினேன்.

பெரணமல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா மேஸ்திரியைத் தேடி வந்தார். நெசவுக்காரக் குடும்பம். கையில் எண்ணெய்ப் பாட்டில். ஜெபித்துக் கொடுங்கள் என்றார். வாசலிலிருந்து உள்ளே வருவதற்குள் இரண்டு முறை நின்றார். அவருக்கும் ஆஸ்துமாவாம், மருந்து எடுத்துக்கொண்டிருந்தாராம், மேஸ்திரியின் சாட்சியைக் கேள்விப்பட்டு நிறுத்திவிட்டாராம். அவர் ஊருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது முதல் சாட்சி. இரண்டாவது சாட்சி ஆரணியைத் தாண்டவே இல்லை. போதாக்குறைக்கு, மேஸ்திரி ஜெபித்த எண்ணெயை நெஞ்சில் தடவினார் என்று வழியில் யாரோ சேர்த்தும் விட்டிருந்தார்கள்.

மேஸ்திரி அவருக்காக ஜெபித்தார். பிறகு, "நான் சொன்ன சாட்சி முழுசா உன்கிட்ட வரலம்மா. நடந்து வர்ற வழியிலயே அதோட ஒரு கால ஒடிச்சிட்டாங்க" என்று சொல்லி, அப்போதே அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். நானும் கூடப் போனேன். அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். திரும்பி வரும் வழியில் மேஸ்திரி என் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தார். இதைப் போல இன்னும் எத்தனை பேர் பாதியைக் கேட்டுவிட்டு மருந்தை நிறுத்தியிருப்பார்களோ என்று ஒரு முறை மட்டும் சொன்னார்.

ஆகவே இதைப் படிக்கிறவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். குமாரைப் போலப் பட்டறையில், தறியில், மில்லில் வேலை செய்கிற யாருக்காவது இது உதவும் என்று தோன்றினால் கொடுங்கள், போனில் அனுப்புங்கள், கூட்டத்தில் வாசியுங்கள். ஆனால் எழுதியிருக்கிறபடியே கொடுங்கள். எண்ணெய், கஷாயம் என்று எதையும் சேர்க்காதீர்கள். ஜெபம் இருக்கிறதே என்று நம்பாதவர்கள் அதை வெட்ட வேண்டாம். ஆஸ்பத்திரி இருக்கிறதே என்று விசுவாசிகள் அதை வெட்ட வேண்டாம். நீளமாக இருக்கிறது, ஒரு சாட்சி போதும் என்று நினைத்தால் தயவுசெய்து அனுப்பாமலே இருந்துவிடுங்கள். இரண்டு சாட்சியும் ஒரே மனுஷன் சொன்னவை. சேர்ந்தே போகட்டும்.